பாய்மரமும் நாகஸ்வரமும் கட்டிய ஊர்

குவாலியரில் ஹஜீரா என்ற பகுதியில் ஒரே மதிலுக்குள் இரண்டு சமாதிகள் இருக்கின்றன. பெரியது ஷேக் முகம்மது கௌஸ் என்ற சூஃபி ஞானியுடையது. அதைச் சுற்றிலும் கல்லைத் துளைத்துச் செய்த சாளரங்கள், அவற்றில் விதவிதமான பின்னல் கோலங்கள். சற்றுத் தள்ளித் தூண்கள் மட்டும் தாங்கும் திறந்த மண்டபத்தில் இருக்கும் சிறியது, அக்பர் அவையின் பாடகர் தான்சேனுடையது. பக்கத்தில் ஒரு புளியமரம். அதன் இலையை மென்றால் குரல் வளம் பெறும் என்று பாடகர்கள் நம்பி வந்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பரில் இங்கே நடக்கும் தான்சேன் இசைவிழாவில் ஹரிகதையும் மீலாதும் நடந்த பிறகுதான் கச்சேரிகள் தொடங்குகின்றன.

நாகூரைப் பற்றிய கட்டுரையைக் குவாலியரில் தொடங்கக் காரணம் உண்டு. நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது பாதுஷா நாயகம் இந்தக் கௌஸிடம் பயின்றவர் என்று அவருடைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தக் குரு எப்படிப்பட்டவர் என்று பார்த்தால் சீடர் வந்து சேர்ந்த ஊரும் விளங்கும். யோகப் பயிற்சியைச் சொல்லும் அமிர்தகுண்டம் என்ற நூலைப் பாரசீகத்தில் விரித்து எழுதியவர் கௌஸ். ‘பஹ்ருல் ஹயாத்’ என்பது அந்தப் பாரசீக நூலின் பெயர். அவர் 1563-ல் மறைந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, பின்னாளில் ஜஹாங்கீர் ஆன இளவரசர் சலீம் அலகாபாத்தில் இருந்தபோது, அந்த நூலுக்கு ஓவியங்களோடு ஒரு படி எழுதப்பட்டது. சடாமுடி யோகிகள் ஆசனமிட்டு அமர்ந்திருக்கும் 21 ஓவியங்கள் அதில் உண்டு. இன்று அந்தப் படி டப்ளின் நகரத்து செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. சம்ஸ்கிருத மரபின் யோகத்தை ஒரு முஸ்லிம் ஞானி தம் மொழியில் எழுதுகிறார். முகலாய ஓவியர் அதைப் படமாக்குகிறார். அந்த ஞானியின் சமாதிக்கு அருகில் இந்துஸ்தானி இசையின் பெருமகன் உறங்குகிறார். நாகூருக்கு வந்த காற்று இப்படியோர் இடத்திலிருந்து கிளம்பியது.

நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்கள் வீட்டில் முஸ்லிம்கள் யாரும் இல்லை. ஆனால் என் அப்பாயி கடைசிவரை சாகுல் ஹமீது நாயகத்தை ‘எஜமான்’ என்றுதான் சொல்வார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எஜமானுக்கு ஒரு தகடு முடிந்து வைப்பார். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். இதை ‘மத நல்லிணக்கம்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டுப் போகும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அது போதவில்லை. யார் கையால், எந்தத் தொழிலால், எந்த வழியாக இந்த இணக்கம் உண்டாயிற்று என்று கேட்டால்தான் நாகூர் புரியும். கடலோடிகளும் கைவினைஞரும் பாடகரும் வாத்தியக்காரரும் சேர்ந்து அதை உண்டாக்கினார்கள் என்பது என் முடிவு. உபதேசம் அதற்குப் பின்னால் வந்தது.

சாகுல் ஹமீது பிறந்தது இன்றைய உத்தரப் பிரதேசத்து மாணிக்கப்பூரில். குவாலியரில் கற்று, மக்காவுக்குப் போய், மாலத்தீவு, பொன்னானி, காயல்பட்டினம், இலங்கை என்று சுற்றி, தஞ்சாவூர் வழியாக நாகூர் வந்து சேர்ந்தார் என்பது மரபு வரலாறு. கூடவே நானூற்றுக்கு மேற்பட்ட ஃபக்கீர்கள். அந்த ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பெரும்பாலும் அரபு வணிகரும் மரக்காயரும் போய்வந்த கடல்வழியில் இருப்பவை. ஒரு ஞானியின் யாத்திரையும் ஒரு வணிகக் கூட்டத்தின் வியாபார வழியும் ஒன்றாகவே ஓடின.

தஞ்சையில் அப்போது அச்சுதப்ப நாயக்கர் ஆட்சி. மன்னர் தீராத நோயில் படுத்திருந்தார்; சூனியம் வைத்து, ஊசிகள் குத்திய புறா ஒன்றை அரண்மனையில் மறைத்திருந்தார்கள்; நாயகம் அதைக் கண்டெடுத்து ஊசிகளைப் பிடுங்க, மன்னர் எழுந்து உட்கார்ந்தார். இது கதை. இன்றைக்கும் நாகூரில் நேர்ச்சையாகப் புறா விடுகிறார்கள். கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். நாகூரில் நாயகம் தங்குவதற்கு இடம் தந்தவர் வைணவரான ஒரு நாயக்க மன்னர் என்பதை எல்லா வரலாறுகளும் ஒரே குரலில் சொல்கின்றன. ஹிஜ்ரி 978-ல், அதாவது 1570-ல், நாயகம் மறைந்தார். அவருக்குப் பக்கத்தில் வளர்ப்பு மகன் யூசுபும் அவர் மனைவியும் அடங்கியிருக்கிறார்கள்.

நாயக்கருக்குப் பின் வந்த மராட்டியரும் கைவிடவில்லை. 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாப சிம்மர், பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு, அது பலித்ததும் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டினார் என்பார்கள். உயரம் 131 அடி. ஐந்து மினாராக்களில் அதுதான் கண்ணை முதலில் இழுக்கிறது. எங்கள் கரை தட்டையான கரை. மலை கிடையாது, பாறை கிடையாது. கடலிலிருந்து வருகிறவனுக்குப் பனைமரக் கோட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் எதுவும் வழிகாட்டிதான். கடலில் பல மணி நேரத் தொலைவிலேயே நாகூர் தெரிந்துவிடும் என்று மீனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மராட்டிய மன்னர் நேர்ச்சைக்குக் கட்டியது பட்டினவ மீனவரின் கட்டுமரத்துக்கும் மரக்காயரின் தோணிக்கும் பயன்பட்டது.

கடலுக்கும் நாகூருக்கும் உள்ள உறவை இன்னொரு கதையும் சொல்கிறது. நாயகத்துக்கு நாவிதர் முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். நடுக்கடலில் ஒரு கப்பலின் அடியில் ஓட்டை விழுந்து நீர் ஏறுகிறது. அதிலிருந்தவர்கள் அலறி நாயகத்தை அழைக்கிறார்கள். அவர் நாவிதர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி வீச, அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. கரைக்கு வந்த மாலுமிகள் பார்த்தால், பலகையில் பதிந்திருக்கிறது கண்ணாடி. கப்பல் வேலையில் இருந்தவர்கள்தான் இப்படியொரு கதையைப் பத்திரமாகக் கைமாற்றி வைத்திருக்க முடியும். ஓட்டை, நீர், பலகை என்று அதில் வரும் எல்லாமே அவர்கள் அன்றாடம் பயந்தவை. அந்தப் பயத்துக்குச் சமயம் கிடையாது. ஒரே தோணியில் மரக்காயர், பட்டினவர், செட்டியார் சரக்குக்குக் காவல் போகிறவர் எல்லாம் இருந்தார்கள். புயல் வந்தால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

பிழைத்துக் கரை சேர்ந்தவர்கள், கரை சேர்ந்த ஊரிலேயே நன்றிக்கு ஒரு நாகூரைக் கட்டினார்கள். பினாங்கில் சூலியா தெரு பக்கம் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. இலங்கையில் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளி. அங்கே இன்றும் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் ஒன்று. இவை எதிலும் நாயகத்தின் உடல் கிடையாது. இருப்பது நினைவு மட்டும்.

சிங்கப்பூர்க் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1828-லிருந்து 1830-க்குள் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் கட்டியது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்களும் வளைவுகளும். மேலே ஒரு சிற்றரண்மனையின் முகப்பு. குட்டிக் குட்டி வாசல்கள், துளைத்த சாளரங்கள். மூலைகளில் அடுக்கடுக்காகக் குறுகி ஏறும் சதுர மினாராக்கள். நாகூரைப் பார்த்தவர்களுக்கு அந்த மினாராவின் வடிவம் சட்டென்று அடையாளம் தெரியும். கட்டியவர்களிடம் வரைபடம் இருந்திருக்காது. நினைவிலிருந்து கட்டினார்கள், அந்த ஊரில் வழக்கத்தில் இருந்த தூணைக் கீழே வைத்துக்கொண்டார்கள். அதே தெருவில் தியான் ஹொக் கெங் என்ற சீனக் கோயில் இருக்கிறது. கடலைக் கடந்து வந்த ஹொக்கியன் சீனர்கள் கடல் தாய் மாசுவுக்கு 1839-லிருந்து 1842-க்குள் எழுப்பியது. சற்று எட்டி அல் அப்ரார் பள்ளிவாசல், அதுவும் சூலியாக்களுடையது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன்னால் தெலுக் ஆயர்தான் கரை. படகை விட்டு இறங்கியவன் முதல் வேலையாக நன்றி சொல்லிவிட்டு ஊருக்குள் போவான். தமிழன் ஒரு கதவிலும் சீனன் அடுத்த கதவிலும். தெற்குச் சீனத்திலிருந்து வந்தவனுக்கும் நாகையிலிருந்து வந்தவனுக்கும் பேச ஒரு மொழி இல்லை. இருவரும் ஒரே காரணத்துக்காக ஒரே தெருவில் கைகூப்பினார்கள். சிங்கப்பூர் அரசு 1974-ல் அந்தத் தர்காவைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்.

இனி கைத்தொழிலுக்கு வருகிறேன். தர்கா வாசலுக்கு வெளியே தகடு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். கண், கை, கால், தொட்டில், வீடு, படகு, மாடு என்று விரல் நீளத் தகடுகள் தட்டுகளில் குவிந்திருக்கும். வெள்ளியிலும் உண்டு, வசதி இல்லாதவர்களுக்கு மலிவான தகடும் உண்டு. இவற்றைச் செய்யும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணோ காலோ குடைந்து செதுக்கிய உலோக அச்சு கீழே. அதன் மேல் மெல்லிய தகட்டை வைத்து, அதற்கு மேல் ஒரு ஈயக் கட்டியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. ஈயம் மென்மையானது, அது அச்சின் பள்ளத்துக்குள் தகட்டை அழுத்திவிடும், தகடு கிழியாது. எடுத்து ஓரத்தைக் கத்தரித்துவிட்டால் புருவத்தோடு இரண்டு கண்கள். அடிக்கு ஒன்று விழுகிறது. கை நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும் என்பதால் பேச்சுக் கொடுத்தாலும் தலை நிமிராமல்தான் பதில் வருகிறது.

அந்தக் கண் எங்கே போகிறது என்று கேட்டேன். நாகூருக்கும் போகும், பத்துப் பன்னிரண்டு மைல் தெற்கே வேளாங்கண்ணிக்கும் போகும், வடக்கே வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் போகும் என்றார் தட்டிக்கொண்டிருந்தவர். அச்சு ஒன்றுதான். மாதாவுக்கு என்று தனிக் கண் கிடையாது, தையல்நாயகிக்கு என்று தனிக் கண் கிடையாது. கண்வலிக்காரரின் நேர்ச்சையை மூன்று சமயத்துக்கும் பொதுவாகச் செய்து கொடுப்பவர் இந்தத் தட்டுக்காரர். சமய ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசும் யாரையும் விட அவரிடம் எனக்கு மரியாதை அதிகம். அவருடைய அச்சு தேய்ந்தால் புது அச்சு வெட்டித் தர இப்போது ஆள் குறைவு.

நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கந்தூரி விழாவில் இந்தக் கைத்தொழில் வீதிக்கு வருகிறது. முதல் நாள் நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் ஊர்வலமாக நாகூர் போகும். ஐந்து மினாராக்களிலும் ஏறும். கொடி வருவது கப்பல் வடிவ ரதத்தில். மரச் சட்டத்தின் மேல் பாய்மரமும் கயிற்று ஏணியும் தளமும் வைத்து, காகிதமும் துணியும் ஒட்டி, விளக்குச் சரம் போட்டு, சக்கரத்தில் ஏற்றி இழுத்து வருவார்கள். பத்தாம் நாள் இரவு சந்தனக்கூடு. நாகையிலிருந்து கிளம்பி, அலங்கரித்த கூட்டில் சந்தனக்குடம் தெருத்தெருவாக நின்று நின்று போய், விடியும் நேரத்தில் தர்காவை அடையும். அரைத்த சந்தனத்தை நாயகத்தின் சமாதியான ரவுலாவில் பூசுவார்கள். நாகைத் தெருக்களில் அன்றிரவு யாரும் தூங்குவதில்லை. வாசலில் நீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு மல்லிகைப்பூவும் சர்க்கரையும் ஊதுவத்தியுமாக நிற்கும் பெண்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். ஊர்வலத்தில் நகரா முழங்கும், அதற்குப் பின்னால் நாகஸ்வரமும் தவிலும்.

நாகஸ்வரம் எங்கள் சோழ நாட்டில் எல்லோருடைய சொத்துமாக இருந்திருக்கிறது. ஆந்திரத்தில் பிறந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா சாகிப், ரங்கநாதர் ஊரில் அமர்ந்து வாசித்தவர். 1998-ல் சங்கீத கலாநிதி. அவருடைய குடும்பத்தில் அது தலைமுறைத் தொழில். நாகூரிலும் இசை வாசலுக்கு வெளியே நின்றதில்லை. தாவூத் மியானிடம் பயின்று கர்நாடக இசையைத் தர்கா வித்வானாக இருந்து பாடிய எஸ்.எம்.ஏ. காதரை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். நாகூர் ஹனிபாவை எல்லோருக்கும் தெரியும். 1925-ல் பிறந்து 2015-ல் மறையும்வரை அந்த வெண்கலக் குரல் இறங்கவில்லை. கையேந்தச் சொல்லும் அவருடைய பாட்டைக் கோயில் திருவிழா மேடைகளில் கேட்டிருக்கிறேன். இறைவன் என்ற பொதுச் சொல்லில் அமைந்த அந்தப் பாட்டை யாரும் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

எழுத்தும் இதே வழியில் வந்தது. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்ப் புராண மரபில் ‘நாகூர்ப் புராணம்’ என்று பாடினார், கலம்பகமும் பாடினார். தலபுராணம் கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு சூஃபியின் வாழ்வு அதே நடையில் வந்து சேர்ந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தோடு தொடர்புகொண்ட அந்தப் புலவரை இன்று தமிழ்ப் பாடநூல்கள் ஓரிரு வரியில் தாண்டிப் போகின்றன. இது பெரிய குறை.

தர்கா வழிபாட்டை ஏற்காத முஸ்லிம்கள் நாகூரிலேயே இருக்கிறார்கள். இறைவன் ஒருவனிடமே கேட்க வேண்டும், இடையில் யாரும் கூடாது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; அது அவர்கள் வேதத்தை அவர்கள் படிக்கும் முறை. அதேபோல் ‘முஸ்லிம் இடத்துக்கு நீ ஏன் போகிறாய்’ என்று என் உறவினர் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் அப்பாயி காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. அன்றைக்கு எல்லோரும் பெருந்தன்மைக்காரர்களாக இருந்தார்கள் என்பது காரணமில்லை. ஊரே அந்த விழாவில் ஏதாவது ஒரு வேலையில் இருந்தது. ரதத்துக்கு மரம் இழைத்தவர், விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர், தவிலுக்குத் தோல் கட்டியவர், பூக்கட்டியவர், எல்லோருக்கும் கந்தூரி சொந்த விழா. வேலை கைவிட்டுப் போனவனுக்கு அது அடுத்தவன் விழாவாகிவிடுகிறது.

கடலும் கைவிட்டுப் போயிற்று. என் தகப்பனார் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். ரஜூலா என்ற பயணிகள் கப்பல் ஓடிய நாட்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் முதல் நாளே நாகையில் வந்து இறங்கி, நாகூர் போய் எஜமானிடம் சொல்லிக்கொண்டு வந்துதான் படகேறுவார்களாம். நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. வெளியே நங்கூரமிட்டிருக்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் படகில் செட்டிநாட்டுக்காரர்களும் கூத்தாநல்லூர் முஸ்லிம்களும் வேளாங்கண்ணி மெழுகுவத்தியை மடியில் கட்டிய கிறிஸ்தவர்களும் முட்டி மோதி உட்கார்ந்திருப்பதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-ல் அது கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆயிற்று. பயணிகள் கப்பல் அதோடு நின்றது. அதன் பிறகு சிங்கப்பூர்க்காரர்கள் விமானத்தில் திருச்சிக்கு வந்து, காரில் நாகூர் பார்த்துவிட்டு அன்றே திரும்புகிறார்கள். நேர்ச்சை குறையவில்லை. விசாவுக்காகப் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்திஹா ஓதச் சொல்லி நிற்கும் இளைஞர்களை எந்த வியாழக்கிழமையும் பார்க்கலாம். ஒரே படகில் ஒருவர் தோள் ஒருவர்மேல் இடித்துக்கொண்டு போன அந்தச் சேர்க்கைதான் இல்லை.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மறுபடி கிளம்பியது எனக்குப் பெரிய சந்தோஷம். யாழ்ப்பாணத்தவருக்கு நாகூர் மறுபடி கடல்வழியே எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

நாகூருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தர்காவைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். தகடு தட்டுகிறவரிடமும், கப்பல் ரதத்துக்குச் சட்டம் கட்டுகிறவரிடமும், சந்தனக்கூட்டுக்கு முன்னால் வாசிக்கும் நாகஸ்வரக்காரரிடமும் நின்று பேசுங்கள். யாரிடம் கற்றார்கள், எந்த இடத்தில் எந்த ராகம் வாசிக்கிறார்கள், பிள்ளைகள் இந்தத் தொழிலில் இருக்கிறார்களா என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சம்மதித்தால் வாசிப்பைப் பதிவுசெய்யுங்கள். தமிழிசைக்கென்று இருக்கும் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கந்தூரிக் கொடி ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையில் ஏறுகிறது. ஹிஜ்ரிக் கணக்கு என்பதால் நம் நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்கூட்டியே வரும், தேதியை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.